1978 சூறாவளி: திருத்தி எழுத வேண்டிய கணக்குகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் சிறப்பு மலரொன்றுக்கு 1978 சூறாவளி பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் ஒப்படைக்கு அதையே பார்த்து எழுதினார்கள். பிறகு ஒருநாள், அஸர் தொழுதுவிட்டு வரும்போது வயதான ஒருவர் என்னை மறித்தார்.

"தம்பி, நீங்க எழுதினது நல்லம். ஆனா மூணு பிழ இருக்கு" என்றார்.

திகதி, இடம், மௌத்தானவர்களின் தொகை. மூன்றிலுமே அவர் சொன்னதுதான் சரி. என்னுடைய பிழைகளை நானே திருத்துவது கடமை என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. இதே மூன்று பிழைகள் நினைவு நாள் உரைகளிலும் ஊர் வரலாற்று நூல்களிலும் வருடா வருடம் திரும்பி வருகின்றன. அவை எப்படி உண்டாகின்றன என்று பார்த்தால்தான் திருத்தவும் முடியும்.

முதலில் திகதி. "நவம்பர் 24, வெள்ளிக்கிழமை இரவு" என்று நான் எழுதியிருந்தேன். ஊரிலே யாரைக் கேட்டாலும் "வெள்ளி இராவு" என்றுதான் சொன்னார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த வார வெள்ளிக்கிழமை 24ஆம் திகதி. அப்படியே எழுதிவிட்டேன். பெரியவர் சிரித்தார். "வெள்ளி இராவுதான் மகன். ஆனா வெள்ளிக்கெழம இல்ல."

மஃரிபோடு அடுத்த நாள் தொடங்கிவிடும் என்பது நமது கணக்கு. யாஸீன் ஓதும் வெள்ளி இரவு, கச்சேரிக் கணக்கில் வியாழக்கிழமை இரவு. சூறாவளி கிழக்குக் கரையைத் தாக்கியது 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை மாலையும் இரவும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் நாள். சாட்சி சொன்னவர்கள் பிழைவிடவில்லை. அவர்களுடைய நாளை என்னுடைய நாளாக மாற்றியபோது நான்தான் பிழைவிட்டேன். தேய்பிறையின் பிற்பகுதி என்பதால் அன்று முன்னிரவில் நிலவும் இல்லை. "நிலா வெளிச்சத்தில் ஓடினோம்" என்று யாராவது சொன்னால், அது வேறு ஓர் இரவின் ஞாபகமாக இருக்கலாம் என்று இப்போது யோசிக்கிறேன்.

24ஆம் திகதியும் முழுப் பொய்யல்ல. அது வேறு இடத்துத் திகதி. இங்கேதான் இரண்டாவது பிழை வருகிறது.

வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் புயல் எங்கே அடித்ததோ அந்த ஊரின் பெயரே அதற்கும் பெயர். அதனால் இது நமக்கு "மட்டக்களப்புச் சூறாவளி" ஆனது. ஆனால் அது மட்டக்களப்போடு நின்றுவிடவில்லை. இரவோடிரவாகத் தீவைக் குறுக்கறுத்து, பொலன்னறுவைப் பகுதியையும் அடித்து, 24ஆம் திகதி மாலை தமிழ்நாட்டின் இராமநாதபுரக் கரையில், கீழக்கரைக்கு அண்மையில் ஏறியது. இந்தியப் பதிவுகளில் அது இராமநாதபுரத்துப் புயல். ஒரே காற்று, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முஸ்லிம் கரையோரங்களைத் தொட்டிருக்கிறது. இரண்டு நாட்டுப் பதிவுகளும் தனித்தனிக் கோப்புகளில் கிடக்கின்றன.

பெயரால் வந்த குழப்பம் நம் ஊர்களுக்குள்ளேயும் உண்டு. பழைய பேச்சு வழக்கில் மட்டக்களப்பு என்பது வெருகலிலிருந்து குமணை வரை நீளும் பிரதேசம். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. 1978இல் அதிகாரிகள் எழுதிய "மட்டக்களப்பு மாவட்டம்" என்பது அதன் பின்னர் எஞ்சிய நிலம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 28,000 ஏக்கர் தென்னையில் 90 வீதம் அழிந்தது என்ற கணக்கைப் பலரும் எடுத்தாளுவார்கள். நானும் "கிழக்கிலே" என்று போட்டு எழுதினேன். அது மட்டக்களப்பு மாவட்டத்துக்குரிய கணக்கு. கல்முனைக் கரையிலும் அக்கரைப்பற்றிலும் விழுந்த தென்னைகள் அதற்குள் இல்லை. வாசிப்பவரோ, பழைய அர்த்தத்தில் எல்லா ஊரும் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். இப்படி ஒரு மாவட்டத்தின் இழப்பு முழுக் கிழக்கினதும் இழப்பாகிறது. அயல் மாவட்டத்தின் இழப்பு காணாமல் போகிறது. பொலன்னறுவையில் தம்பாளை போன்ற நம்மவர் ஊர்கள் இந்தப் பேச்சுக்குள் வருவதேயில்லை. அங்கே குரங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த வூல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர், அந்தக் காட்டில் சூறாவளி முறித்த மரங்களை எண்ணிக் கட்டுரை எழுதியிருக்கிறார். காட்டு மரத்துக்குக் கிடைத்த கவனம் நமது ஊர்களுக்கும் கிடைத்திருக்கலாம்.

அப்படியானால் எந்த ஊரில் எப்படி அடித்தது என்று இப்போது எப்படி அறிவது? பெரியவர் எனக்கு ஒரு வழி காட்டித்தந்தார், தன்னை அறியாமலே.

"முதல்ல வாடையால அடிச்சான். புறகு ஒரு சத்தமும் இல்ல. எல்லாம் முடிஞ்சிதெண்டு வெளிய வந்தம். கொஞ்ச நேரத்தால சோளகத்தால திருப்பி அடிச்சான் பாருங்க, அதிலதான் கன பேர் போனது."

நமது பக்கத்துச் சூறாவளிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்பவை. மேற்கு நோக்கி நகரும் சூறாவளியின் நடுக்கண் ஓர் ஊருக்கு நேரே மேலால் போனால், முதலில் வடக்கிலிருந்து காற்று வரும். பிறகு அமைதி. அதன் பின் தெற்கிலிருந்து வரும். கண்ணின் பாதைக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். தென்னைகள் தரைப்பக்கம் சாயும், கடலும் ஏறும். தெற்கே உள்ள ஊர்களில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். தென்னைகள் கடலைப் பார்த்து விழும். ஆகவே, "எத்தனை மரம் விழுந்தது?" என்று கேட்பதைவிட "எந்தப் பக்கம் விழுந்தது? இடையிலே காற்று நின்றதா?" என்று கேட்பது நல்லது. எண்ணிக்கை மறந்து போகும். தன் வளவுத் தென்னை எந்தப் பக்கம் விழுந்தது என்பதை மனிதர் மறப்பதில்லை. ஊர் ஊராக இதைக் கேட்டு வரைபடத்தில் குறித்தால் பாதை தானாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: 2004 சுனாமிக்குப் பிறகு "கடல் வந்தது" என்ற ஞாபகம் இரண்டையும் கலந்துவிட்டது. அந்த இரண்டு நாட்களையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது பிழை, தொகை. "ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்" என்று நான் எழுதியிருந்தேன். நம் நாட்டில் பொதுவாக ஏற்கப்படும் தொகை 915. சில சர்வதேச அனர்த்தப் பட்டியல்களில் 740 என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம். சேதமான கட்டடங்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம். பாதிப்பின் பெரிய எண்ணை மரணத்தின் மேல் ஏற்றி எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. இதைக் குறைத்து எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது உறவினர் ஒருவர் கோபித்தார். "மௌத்தானவங்கள நீங்களே கொறைக்கிறீங்களா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் என் மூத்தம்மாவும் அந்தக் கணக்கில் இருக்கிறாரா என்று எனக்கே தெளிவில்லாமல் இருந்தது.

காற்று நின்ற அந்த அமைதியில் அவர் கட்டிவைத்த ஆட்டைப் பார்க்க வெளியே போனார். திரும்பி வருவதற்குள் சோளகம் தொடங்கிவிட்டது. பறந்து வந்த தகரம் காலைக் கிழித்தது. சீலைத் துண்டால் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்டுமில்ல, புள்ளைகளப் பாருங்க" என்றார். வீதியெல்லாம் மரம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சில நாட்களாயின. இருபது நாள் கழித்து, ஏற்புவலியால் மௌத்தானார். துண்டிலே எழுதப்பட்ட காரணம் ஏற்புவலி. சூறாவளி என்ற சொல்லே அதில் இல்லை.

எந்த அனர்த்தத்திலும் தொகைகள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றிரவு இறந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு தொகை. காணாமல் போனவர்களைச் சேர்த்தால் இன்னொன்று. காயத்தால் பின்னர் இறந்தவர்களைச் சேர்த்தால் வேறொன்று. பாதை திறந்த ஊரின் கணக்கு முதலில் போய்ச் சேரும்; மற்ற ஊரின் கணக்கு பிந்தும், சில வேளை போகாமலும் விடும். 740, 915 இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்வதற்கு முன்னர், யாரை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும்.

தேசியத் தொகையைப் பெருக்குவதால் என் மூத்தம்மாவுக்கு நீதி கிடைக்காது. "ஆயிரக்கணக்கானோர்" என்ற சொல்லுக்குள் அவருக்குப் பெயர் இல்லை. பெயர்ப் பட்டியலில்தான் அவருக்கு இடம் உண்டு. அது தேசியப் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பட்டியல் போதும்.

ஆகவே எனது வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஆசிரியர்களும் சேர்ந்து, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஐந்து விடயங்களைக் கேட்டு எழுதுங்கள்: காற்று எந்தத் திசையால் தொடங்கியது, இடையில் நின்றதா, மரங்கள் எந்தப் பக்கம் விழுந்தன, அன்றிரவு யார் மௌத்தானார்கள், பின்னர் அதே காரணத்தால் யார் மௌத்தானார்கள். கூலிக்கு வந்திருந்த வெளியூரவர்களையும் அயல் தமிழ்க் கிராமத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். நெசவு ஊர்களில் தறிகளையும் கேளுங்கள். வீட்டுக் கணக்கிலும் தென்னைக் கணக்கிலும் தறி வருவதில்லை. சொன்னவர் யார், அன்று அவருக்கு என்ன வயது என்பதையும் குறித்துவையுங்கள்.

என் பழைய கட்டுரையைத் திருத்தி எழுதிப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டேன். திகதி 23 ஆகியிருக்கிறது. "ஆயிரக்கணக்கானோர்" போய்விட்டது. கடைசியில் இரண்டு பட்டியல்கள். "அன்றிரவு மௌத்தானவர்கள்" முதலாவது. "சூறாவளிக் காயத்தால் பின்னர் மௌத்தானவர்கள்" இரண்டாவது. இரண்டாவதில் முதற் பெயர் மூத்தம்மாவுடையது. பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதே பட்டியலுக்கு இன்னும் ஒரு பெயரைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.