பெட்டிக்குள்ளே 400 வோல்ட்!

வாசலிலேயே சோதனை போடுகிறார்கள். மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழற்றி பிளாஸ்டிக் டப்பாவில் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். இன்ஜினீயரிங் கல்லூரி வொர்க்‌ஷாப்பின் ஒரு மூலை. அங்கேதான் எலெக்ட்ரிக் ரேஸ் காரின் பேட்டரி பிறக்கிறது! பெட்ரோல் இன்ஜினை அணைத்தால் தூங்கிவிடும். லித்தியம் செல்லுக்குத் தூக்கமே கிடையாது. மோதிரம் இரண்டு முனையிலும் பட்டால் விரலோடு பழுத்துவிடும்.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரியில் நடக்கும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டிக்குத்தான் இந்தப் பாடு. மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே கட்டி, மாணவர்களே ஓட்டும் கார்கள். சென்னை ஐஐடியின் ‘ரஃப்தார்’ அணியும் 2022 நவம்பரில் தன் முதல் எலெக்ட்ரிக் காரைக் காட்டிவிட்டது. எல்லோரும் காரோடு செல்ஃபி எடுக்கிறார்கள். என் கண்ணெல்லாம் டிரைவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தப் பெட்டி மேலேதான்! விதிப்புத்தகத்தில் அதன் பெயர் அக்யூமுலேட்டர். பசங்களுக்கு ‘பேக்’.

பல அணிகள் வாங்குவது 18650 செல். பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். 96 செல்லை வரிசையாகக் கோத்தால் 403 வோல்ட்! ஆனால் ஒரே சரமாகக் கோக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு கட்டும் 120 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். 28 செல் என்றால் 117.6. இன்னொன்று சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். அதனால் நான்கு கட்டு, கட்டுக்கு 24.

கோப்பதற்கு முன் பொருத்தம் பார்க்கிறார்கள், ஜாதகம் பார்ப்பதுபோலவே! ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையையும் அளந்து, ஒத்துப்போகிறவற்றைத்தான் ஒரே கட்டில் சேர்ப்பது. ஒரு செல் சோர்ந்தால் அந்த வரிசையே சோர்ந்துவிடும்.

அடுத்து ஸ்பாட் வெல்டிங். இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்! இரண்டு செம்பு முனைகள் நிக்கல் பட்டையை அழுத்துகின்றன. ‘டிக்’. சின்னப் பொறி. குண்டூசித் தலை அளவில் ஒரு புள்ளி. சோதனைக்காக ஒட்டிய பட்டையை ஒரு மாணவி குறட்டால் பிடித்து இழுத்தார். பட்டை கிழிந்தது, புள்ளி அசையவில்லை. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கணுமே!

பேக் தயாரானதும் அதற்கென்றே ஒரு தள்ளுவண்டி. ஏர்போர்ட் டிராலி மாதிரி, கைப்பிடியை அழுத்தினால்தான் பிரேக் விடும். கரிக்குப் போனதும் நடுவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லி போல்ட் போல்ட்டாகப் பார்ப்பார்கள். பிறகு மழைச் சோதனை: காருக்கு மின்சாரம் ஏற்றி, 120 விநாடி தண்ணீர் தெளிப்பு. நின்ற பிறகும் இன்னொரு 120 விநாடி காத்திருப்பு. எங்காவது மின்கசிவு தெரிந்தால் கார் தானே அணைந்துவிடும். அந்த நான்கு நிமிடமும் மொத்த அணியும் பார்ப்பது ரோல் பாரின் உச்சிக்குச் சற்றுக் கீழே மின்னும் ஒரு சிவப்பு விளக்கை மட்டும். அது மின்னிக்கொண்டே இருந்தால் பாஸ்!

கடைசியில் எண்டியூரன்ஸ். சுமார் 22 கி.மீ., பாதியில் டிரைவர் மாறணும். அதிக மார்க் இதற்குத்தான், அதிகக் கண்ணீரும் இதில்தான். ஒரு செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டினாலே பேட்டரியைக் காக்கும் சர்க்யூட் ரிலேக்களைத் திறந்துவிடும். கார் அப்படியே நின்றுபோகும். ஒரு வருட உழைப்பு டிராக் ஓரத்தில் நிற்கும். பசங்க அதைத் தள்ளிக்கொண்டு வந்து, அன்று ராத்திரியே அடுத்த வருடப் பேக்குக்குக் காற்று எந்தப் பக்கம் விடலாம் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இவர்களை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது!

உங்கள் வீட்டுப் பிள்ளையும் டிசம்பர் முழுக்க ராத்திரி வொர்க்‌ஷாப்பிலேயே கிடக்கிறதா? திட்டாதீர்கள். பத்து பேருக்கு இட்லி கட்டி அனுப்புங்கள்.