சுட்ட தோட்டா உறையில் மீண்டும் மருந்து நிரப்பலாமா? பாதுகாப்பும் சட்டமும் கூறுவது என்ன?

புது தில்லி: ஷாட்கன் போட்டிகளில் சுட்டபின் எஞ்சும் பிளாஸ்டிக் தோட்டா உறைகளைச் சேகரித்து, மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. எந்த உறை அதற்கு ஏற்றது, எது ஆபத்தானது, இந்தியாவில் சட்டநிலை என்ன என்பது குறித்த விளக்கம்:

உறையின் பணி என்ன?

ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் 12 போர் துப்பாக்கியும், 24 கிராம் ஈயக் குண்டுகள் கொண்ட தோட்டாவும் பயன்படுகின்றன. உறையின் அடியில் உலோகத் தொப்பியும், அதன் நடுவே பிரைமரும் இருக்கும். உள்ளே வெடிமருந்து, 'வாட்' எனப்படும் அடைப்பு, குண்டுகள் ஆகியவை வரிசையாக அடைக்கப்பட்டு, வாய்ப்பகுதி மடித்து மூடப்படும். சுடும்போது உறை விரிந்து, வாயு பின்புறம் கசியாமல் தடுக்கிறது. இந்த விரிவும் வெப்பமுமே உறையைத் தேய்க்கின்றன.

எவற்றை ஒதுக்க வேண்டும்?

முதலில் சேதமடைவது மடிப்புப் பகுதி. அங்கு பிளவு, உடலில் கருகிய துளை, தொப்பியில் விரிசல், பிரைமர் தளர்வாக அமரும் குழி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த உறை கழிக்கப்பட வேண்டும். ஈரத்தில் கிடந்தவையும், எத்தனை முறை சுடப்பட்டன என்று தெரியாதவையும் நம்பத்தக்கவை அல்ல.

தோற்றம் ஏமாற்றுவது எப்படி?

வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரு உறைகளின் உட்கொள்ளளவு வேறுபடலாம். ஒரே வார்ப்பாக உருவாகும் உறையின் உட்புறம் அடிநோக்கிக் குறுகும். குழாயும் அடித்தட்டும் தனித்தனியாகப் பொருத்தப்பட்ட உறையில் இடம் அதிகம். எனவே ஒன்றுக்குப் பொருந்தும் மருந்தளவு மற்றொன்றில் அழுத்தத்தை உயர்த்திவிடக்கூடும். வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு விதித்துள்ள உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. உற்பத்தியாளர்களின் கையேடுகள் ஒவ்வொரு உறைக்கும் தனி அளவைக் குறிப்பிடுவது இதனால்தான்.

தனி அடித்தட்டு கழன்று குழலுக்குள் சிக்கிக்கொள்வது மற்றோர் அபாயம். அதைக் கவனியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

இந்தியச் சட்டம் என்ன கூறுகிறது?

ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆவது பிரிவின்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 'வெடிபொருள்' என்பதற்கான சட்ட வரையறையில் தோட்டாவின் பாகங்களும், தயாரிப்பு இயந்திரங்களும் அடங்கும்.

அதேவேளையில், பிற பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றி வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே, நினைவுப்பொருளாக வைத்திருக்கும் வெற்று உறையையும், மருந்து நிரப்புவதற்காகச் சேர்த்து வைக்கும் உறையையும் சட்டம் ஒன்றாகக் கருதுவதில்லை. இரண்டையும் பிரிப்பது, வைத்திருப்பவரின் நோக்கமே.