கம்பைலர் தேடும் இடங்கள்



கணினிச் செய்நிரல் எழுதப் பழகும் மாணவரைத் தொடக்கத்திலேயே மனந்தளரச் செய்யும் செய்தி ஒன்றுண்டு. 'அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை' என்பதே அது. கோப்பு தம் கணினியில் இருப்பதைக் கண்ணாற் கண்ட மாணவர், தாம் எழுதியதே பிழையென மயங்குகின்றனர்; சிலர் இத்துறை தமக்கு ஒவ்வாதென ஒதுங்கியும் விடுகின்றனர். ஆயின் அச்செய்தியின் பொருள், 'நான் தேடிய இடங்களில் அது இல்லை' என்பதேயாம். காணாமை வேறு, இல்லாமை வேறு அன்றோ?

சி மொழியை எடுத்துக்கொள்வோம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி இது. இம்மொழியில் எழுதுவோர், முன்னரே எழுதப்பட்ட பணிகளைப் பயன்படுத்த வேண்டின், அவற்றின் பெயரும் அமைப்பும் அடங்கிய தலைப்புக் கோப்பினை 'இன்குளூட்' என்னும் கட்டளையால் அழைப்பர். அங்கே பெரும்பாலும் கோப்பின் பெயர் மட்டுமே தரப்படும்; இருப்பிடம் தரப்படுவதில்லை. ஆகவே கம்பைலர் அதனைத் தேடவேண்டியிருக்கின்றது.

அத்தேடலுக்கு ஓர் ஒழுங்குண்டு. 1987இல் வெளிவந்து இன்றும் பெரிதும் வழங்கும் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை நோக்குவோம். கோப்பின் பெயர் இரட்டை மேற்கோட் குறிக்குள் இருப்பின், அழைக்கும் கோப்பு உள்ள கோப்புறையில் முதலில் தேடும். கோண அடைப்புக்குள் இருப்பின் அப்படியைக் கடந்துவிடும். அதன்பின், சிறுகோடும் ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்தும் இட்டு நாம் குறித்த கோப்புறைகளை, நாம் குறித்த வரிசையிலேயே தேடும்; இறுதியில் தனக்கென அமைந்த கோப்புறைகளை நாடும். முதலிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். இதில் ஓர் இடருமுண்டு. ஒரே பெயரில் பழையதும் புதியதுமாக இரு கோப்புகள் இருப்பின், பழையது முன்னே அகப்பட்டு, பிழைச் செய்தி எதுவுமின்றியே செய்நிரல் தவறான விடை தரவுங்கூடும்.

சில வேளைகளில் எடிட்டர் சிவப்புக் கோடிடும்; கம்பைலரோ குறையின்றி வேலையை முடிக்கும். இரண்டும் தனித்தனியே தேடுவதே இதற்குக் காரணம். ஒன்றுக்குச் சொன்ன வழியை மற்றது அறியாது. விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற எடிட்டர்களில் வழியைத் தனியே பதியலாம். அதனினும் சிறந்த முறை, சீமேக் போன்ற கட்டமைப்புக் கருவியைக் கொண்டு, ஒவ்வொரு கோப்புக்கும் கம்பைலருக்கு இடப்படும் கட்டளையைப் பட்டியலாக எழுதச் செய்து, அப்பட்டியலையே எடிட்டரும் படிக்குமாறு அமைத்தலாம். ஓரிடத்து எழுதிய வழி இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

வழியைக் கணினியின் முழு முகவரியாக எழுதினால், அஃது அக்கணினிக்கே பொருந்தும். செய்நிரலின் கோப்புறையிலிருந்து தொடங்கி எழுதினால், பாடசாலைக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் ஒருங்கே பொருந்தும்.

ஆதலின், பிழைச் செய்தி தோன்றியதும் எழுதியதை அழிக்க விரைதல் வேண்டா. ஜி.சி.சி.க்கு இடும் கட்டளையில் சிறுகோடும் சிறிய 'வி' எழுத்தும் சேர்த்தால், தான் தேடும் கோப்புறைகளை அது வரிசையாகக் காட்டும். அவ்வரிசையைக் கோப்பு உள்ள இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாற் போதும். மாணவரை 'எங்கே பிழை செய்தாய்?' என்று வினவுமுன், 'எங்கே தேடச் சொன்னாய்?' என்று வினவுதல் ஆசிரியர்க்கும் நன்று.