தோலின் ஈரத்துக்கு யார் காவல்?

திருவனந்தபுரத்துப் பழைய வீடுகளில் பிள்ளைப்பேறு நெருங்கும்போது உருளியை அடுப்பில் ஏற்றும் வழக்கம் இன்னும் போய்விடவில்லை. முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்து, முதல் பாலை உருளியில் ஊற்றிச் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருப்பார்கள். பால் திரியும். திரிந்தது மெல்லப் பழுப்பேறி அடியில் தங்கும். மேலே தெளிந்த எண்ணெய் நிற்கும். அதுதான் உருக்கு வெளிச்செண்ணெய். அடியில் தங்கிய கசடைச் சர்க்கரை தூவி வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்ப்பார்கள். எண்ணெயோ, பிறக்கப்போகும் குழந்தையின் உடம்புக்கு. எல்லை தாண்டி நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இதே பக்குவம் உண்டு.

பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் எதற்கு? தோலுக்கு மினுமினுப்பு வரும், எலும்பு உறுதிப்படும் என்று வீட்டில் சொல்வார்கள். தோல் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் வேறு. உடம்புக்குள் இருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் தடுக்கும் காவல், பிறந்த சில நாட்களில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. அந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது, எப்படி மீள்கிறது என்று தெரிந்தால், குழந்தை முதல் முதியவர் வரை நம் வீட்டுப் பழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதும் தெளிவாகும்.

மெல்லிய சுவர்

நம் தோலின் மிக வெளி அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடப் பல இடங்களில் இருக்காது. அதற்குள் பதினைந்து, இருபது வரிசையாகத் தட்டையான, உயிரற்ற செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளை ஒருவகைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆய்வு செய்த பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவராக விளக்கினார்: செல்கள் செங்கல், கொழுப்பு சாந்து. சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். இந்தச் சாந்து கெட்டால் செங்கல் எத்தனை இருந்தும் பயனில்லை. உள்ளே இருக்கும் நீர் வெளியேறும், வெளியே இருக்கும் கிருமியும் உறுத்தும் பொருள்களும் உள்ளே நுழையும்.

செல்லுக்குள்ளும் ஈரம் இருக்க வேண்டும். 1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் காலில் தடித்துக் காய்த்துப்போன தோலைத் துண்டுகளாக எடுத்து உலர்த்தினார். அவை விறைத்தன. எண்ணெயில் ஊறப்போட்டார்; விறைப்பு போகவில்லை. தண்ணீர் ஏறியதும் வளைந்து கொடுத்தன. தோலை மென்மையாக்குவது எண்ணெய் அல்ல, நீர்தான் என்பதை இந்தச் சிறு சோதனை நிலைநாட்டியது. எண்ணெயின் வேலை, ஏறிய நீரை ஓடாமல் பிடிப்பது. தோல் பராமரிப்பில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை. எண்ணெய், களிம்பு, கிரீம் எதுவானாலும் வறண்ட தோலில் தடவுவதும் ஈரத் தோலில் தடவுவதும் ஒன்றல்ல.

குறைமாதக் குழந்தையின் தோல்

கருவின் தோலில் இந்தச் சுவர் ஏறத்தாழ 34ஆவது வாரத்தில்தான் முழுமை பெறுகிறது. அதற்கு மிக முன்பே பிறக்கும் குழந்தைக்குச் சுவர் அரைகுறை. நிறைமாதக் குழந்தையைவிடப் பல மடங்கு நீர் அதன் தோல் வழியே போகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நீர் அந்தச் சின்ன உடம்பிலிருந்தே எடுக்கிறது. ஆகவே குழந்தை வறள்வதோடு குளிர்ந்தும் போகிறது. கிருமி நுழையவும் வழி திறந்திருக்கிறது. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குமரி மாவட்டத்தாரும் தேடி வரும் எஸ்.ஏ.டி. மருத்துவமனை உட்பட, வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இவ்வளவு கவனமாகக் காக்கப்படுவது இதனால்தான்.

வங்கதேசத்தின் டாக்கா சிசு மருத்துவமனையில் கேரி டார்ம்ஸ்டாட் குழுவினர் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். தடவாத குழந்தைகளைவிட மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005இல் வெளியான முடிவு சொன்னது. இறப்பும் குறைந்தது என்று 2008இல் அடுத்த முடிவு வந்தது. நம் நாட்டில் தில்லியில், 1500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியபோது தோல் வழியே போகும் நீர் குறைந்ததை அளந்து காட்டினார்கள். பின்னர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு குறையவில்லை. மிகக் குறைந்த எடைக் குழந்தைகளிடம் மட்டும் பலன் தெரிந்தது. இவற்றையெல்லாம் எடைபோட்ட உலக சுகாதார நிறுவனம், குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் அறிவுறுத்தியது.

எந்த எண்ணெயும் தடவலாமா என்றால் இல்லை. எலிகளின் தோலில் பார்த்தபோது கடுகெண்ணெய் சுவர் மீள்வதைத் தாமதப்படுத்தியது. ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோல் சுவரையே பலவீனப்படுத்தியது. வேறுபாடு கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். வாலில் செதில் கட்டியது. எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தன. குடித்தது தோல் வழியே போய்க்கொண்டிருந்தது. லினோலிக் அமிலம் கொடுத்ததும் சரியானது. செராமைடின் முக்கியமான ஒரு வகையைத் தோல் கட்ட அந்த அமிலம் இன்றியமையாதது. சூரியகாந்தி எண்ணெயில் அது நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் கொஞ்சம். அதில் பாதியளவு லாரிக் அமிலம். ஆகவே தேங்காய் எண்ணெய் சாந்துக்கு மூலப்பொருள் தருவதைவிட, மேலே மூடியாக நின்றே உதவுகிறது. அதுவும் பயனுள்ள வேலைதான்.

நிறைமாதக் குழந்தை தனக்கான பூச்சோடுதான் பிறக்கிறது. உடம்பில் வெள்ளையாக மாவு அப்பினாற்போல் இருக்கும் அதில் எண்பது சதவீதம் நீர். மீதி கொழுப்பும் புரதமும். பிறந்ததும் அதைத் தேய்த்துக் கழுவுவது தேவையில்லை. முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நேரம், தினமும் கிரீம் தடவினால் குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா) வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஏறத்தாழ 1400 குழந்தைகளை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் அப்படி எந்தத் தடுப்பும் தெரியவில்லை. வந்த வறட்சிக்குப் பூச்சு மருந்து. வராமல் தடுக்கும் தடுப்பூசி அல்ல.

ஈர ஊரில் வறண்ட தோல்

திருவனந்தபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற இரண்டு மழைக்காலங்களும் வந்துபோகும் கடலோர நகரம். இங்கே தோல் வறள்வானேன்?

விடையின் ஒரு பகுதி ஃபிலாக்ரின் என்ற புரதத்தில் இருக்கிறது. மேல்தோல் செல்கள் வெளியே நகரும்போது இந்தப் புரதம் சிதைந்து, நீரைப் பிடித்து வைக்கும் சிறு மூலக்கூறுகளாகிறது. தோலின் சொந்த ஈரங்காப்புப் பொருள் இதுவே. 1986இல் இயன் ஸ்காட், கிளைவ் ஹார்டிங் இருவரும் எலிக்குட்டிகளிடம் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: சுற்றியுள்ள காற்று ஈரத்தில் திளைத்தால் ஃபிலாக்ரின் சிதைவதில்லை, காற்று உலர்ந்தால்தான் சிதைவு தொடங்குகிறது. வெளியே ஈரம் இருக்கும்போது தோல் தன் சேமிப்பைக் குறைத்துக்கொள்கிறது. அந்தத் தோலோடு கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் குளிரூட்டிய அறைக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால்? ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. சுவருக்கு வெளியே குழாயில் சொட்டுவது அந்த நீர்தான். ஈரத்துக்குப் பழகிய தோல் திடீரென உலர் காற்றில் மாட்டிக்கொள்ளும்போது இறுக்கமும் அரிப்பும் வருவது இயல்பே. சிலருக்குப் பிறப்பிலேயே ஃபிலாக்ரின் மரபணுவில் குறை உண்டு. அதுதான் மீன்செதில் போன்ற வறட்டுத் தோலுக்குக் காரணம், கரப்பான் வரும் வாய்ப்பையும் அதிகரிக்கிறது என்று ஸ்காட்லாந்தின் டன்டீயில் இர்வின் மெக்லீன் குழு 2006இல் கண்டறிந்தது.

இன்னொரு பகுதி நம் குளியலில் இருக்கிறது. வேர்வை ஊரில் இரண்டு வேளை குளிப்பது சரியே. ஆனால் இரண்டு வேளையும் உடம்பு முழுக்கச் சோப்பு? நலமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பி.எச். அளவில் 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான கட்டிச் சோப்பு 9, 10 என்ற காரம். செராமைடைப் பக்குவப்படுத்தும் நொதிகள் அமிலத்தில்தான் சரியாக வேலை செய்யும். காரம் ஏறினால் அவை மந்தப்படும். செல்களின் பிணைப்பை அறுக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகும். அதோடு சோப்பு சாந்தையும் கொஞ்சம் கரைத்துப் போகிறது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் இன்றும் கிடைக்கும் இஞ்சை நாரானாலும் பிளாஸ்டிக் நாரானாலும் அழுத்தித் தேய்த்தால் சேதம் கூடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் கடைசியில் சோப்புப் போட்டு அந்த எண்ணெயையும் வழித்துவிடுகிறார்கள். உள்ளே ஏறிய நீருக்கு மூடி இல்லாமல் போகிறது.

மூன்றாவது கேடு கடையில் வாங்குவது. சிவப்பழகு கிரீம் என்ற பேரில் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு தோலைச் சன்னமாக்கும். சாந்து உற்பத்தியையும் குறைக்கும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை ஆக்கியது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ‘ஓப்பரேஷன் சௌந்தர்யா’ என்று மாநிலம் முழுக்கச் சோதனையைத் தொடங்கியது; முகப்பூச்சுகளில் பாதரசம் கலந்திருப்பது வெளியே வந்தது. பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகம்வரை போகிறது. உரிமமும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத எதையும் முகத்தில் தடவக் கூடாது.

தானே மீளும், இடம் கொடுத்தால்

நல்ல செய்தி, இந்தச் சுவர் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். ஒட்டுநாடாவால் மேலடுக்கை உரித்துப் பார்த்த சோதனைகளில், சில நிமிடங்களிலேயே கீழுள்ள செல்கள் தயாராக வைத்திருந்த கொழுப்பை வெளியே தள்ளுகின்றன. இளம் வயதில் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேலும், மூன்று நாளில் ஏறக்குறைய முழுவதும் மீள்கிறது. எண்பது வயதில் அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். மீளச் சொல்லும் சமிக்ஞை, நீர் வெளியேறுவதுதான். எனவே காற்றுப் புகாத உறையால் இறுக மூடினால் பழுதுபார்க்கும் வேலை நின்றுவிடுகிறது. பெட்ரோலியம் ஜெல்லி அப்படியல்ல. நீரிழப்பைக் குறைத்தபடியே மேலடுக்கின் இடுக்குகளில் புகுந்து, பழுது தொடரவும் விடுகிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றையும் சேர்த்துத் தடவினால் தோல் மீளும்; ஒன்றை மட்டும் தடவினால் தாமதப்படும் என்றும் எலியாஸ், கென்னத் ஃபெயின்கோல்ட் குழு கண்டது. ‘செராமைடு’ என்று பெரிதாக எழுதிய டப்பாவை வாங்குமுன் மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஐந்து, பத்து நிமிடக் குளியல். கொதிக்கும் நீர் வேண்டாம். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்குப் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே மெல்லிய பூச்சு. வறட்சி அதிகமானால் பெட்ரோலியம் ஜெல்லி. உள்ளங்கால் வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு. வேர்க்கும் பகலில் கிளிசரின் கலந்த இலேசான லோஷன். தேங்காய் எண்ணெய் பிடித்தவர்கள் கைகாலில் தடவலாம். முகப்பருவோ பொடுகோ உள்ளவர்கள் முகத்திலும் தலையிலும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சைக்கு அதன் கொழுப்பு அமிலங்கள் உணவு. நாளெல்லாம் கை கழுவும் செவிலியர்களுக்கு, கையில் அழுக்கில்லாதபோது ஆல்கஹால் கைத்தேய்ப்பு சோப்பைவிடத் தோலுக்கு இதமானது.

இந்தத் தோல் பராமரிப்பு வெறும் அழகுக் கலை அல்ல. ஆலப்புழையில் டி.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை யானைக்கால் நோயாளிகளிடம் 1990களில் நடத்திய ஆய்வில், காலைத் தினமும் கழுவி, துடைத்து, விரலிடுக்கின் புண்ணுக்கு மருந்திட்டவர்களுக்குக் காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்பத் தாக்குவது குறைந்தது. தொழுநோயில் நரம்பு செத்து வேர்வை நின்ற பாதத்தை நீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லச் சுரண்டி, ஈரத்தோடு எண்ணெய் தடவச் சொல்லிக் கொடுப்பதும் இதே அறிவியல்தான்; அந்தப் பராமரிப்பு தவறினால் வெடிப்பு புண்ணாகி, புண் விரலையே கொண்டுபோகும்.

நம் வீட்டு முதியவர் இரவெல்லாம் காலைச் சொறிந்தால், ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். சோப்பைக் குறைத்து, குளித்த கையோடு பூச்சுத் தடவிக்கொடுக்க ஒருவர் இருந்தால் பலருக்கு இரண்டு வாரத்தில் அரிப்பு தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்புக்குச் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. பச்சைக் குழந்தைக்கு ஒதுக்கும் பத்து நிமிடக் கவனம், மீள்வதற்கு நம்மைவிட நெடுநாள் எடுக்கும் முதியவர்களின் தோலுக்கும் உரியது.