வருங்காலக் கதையில் பழைய மறைமொழிகள்

விஞ்ஞானப் புனைகதை என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன விண்கலமும் எந்திர மனிதனும் வேற்றுலகத்தாருமே. அத்தகைய கதையொன்றில் எபிரேய எழுத்துகளும் இலத்தீன் வழிபாடும் வந்து நின்றால், "இவற்றுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் கேட்டேன். அமெரிக்க எழுத்தாளர் வால்ட்டர் மில்லரின் 'எ கான்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்' என்னும் நாவலை முதன்முறை படித்தபோது, அதில் வரும் எபிரேய எழுத்துகள் இரண்டையும் ஏதோ ஓர் அலங்காரம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அக்கதையின் உயிரே பழைய மொழிகளில்தான் இருக்கிறது என்பது பின்னரே எனக்குப் புலப்பட்டது.

விவிலியம் ஒரே மொழியில் பிறந்த நூலன்று. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயம். தானியேல், எஸ்றா ஆகிய நூல்களிற் சில பகுதிகள் அரமேயம். புதிய ஏற்பாடு கிரேக்கம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்னும் துறவி இவற்றை இலத்தீனில் அமைக்கத் தொடங்கினார். மேலைத் திருச்சபைக்கு அந்த இலத்தீனே நெடுங்காலம் மறைமொழியாயிற்று.

இனிக் கதைக்கு வருவோம். 1959ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த இந்நாவல், 1961இல் ஹியூகோ பரிசு பெற்றது. அணுகுண்டுப் போரினால் உலகம் பாழாகிறது. எஞ்சிய மக்கள், இவ்வழிவுக்குக் கல்வியே காரணம் என்று சினந்து, கற்றவர்களைக் கொல்கின்றனர், நூல்களைக் கொளுத்துகின்றனர். யூதராகப் பிறந்த லீபோவிட்ஸ் என்னும் பொறியியலர் துறவியாகி, நூல்களை மறைத்துக் காப்பதற்கென ஒரு துறவியர் சபையை நிறுவுகிறார். சிலர் நூல்களைக் கடத்திச் சென்று புதைக்கின்றனர். சிலர் மனப்பாடம் செய்கின்றனர். அவரும் பிடிபட்டு உயிரிழக்கிறார். இதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கப் பாலைவனத்தில் உள்ள மடம் ஒன்றிலே கதை தொடங்குகிறது.

அம்மடத்தார் இலத்தீனை அறிவர். ஆனால் தாம் காத்துவரும் விஞ்ஞான ஏடுகளின் பொருளை அறியார். பிரான்சிஸ் என்னும் இளந்துறவி, பாலைவனத்தில் நோன்பு காக்கையில் பழைய நிலவறை ஒன்றைக் காண்கிறான். அணுகுண்டு வெடித்தபின் உதிரும் கதிரியக்கத் தூசியிலிருந்து தப்புவதற்கான புகலிடம் அது. அத்தூசிக்கு ஆங்கிலத்தில் 'ஃபால்அவுட்' என்று பெயர். அவனோ ஃபால்அவுட் என்பது கொடிய பூதம் என்று கேட்டு வளர்ந்தவன். பதினைந்து பேர் தங்கலாம் என்னும் அறிவிப்பைப் படித்து, உள்ளே பதினைந்து பூதங்கள் இருக்குமோ என்று நடுங்குகிறான்! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் சொல் பிழைத்திருக்கப் பொருள் மாண்டுபோவதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை. அந்நிலவறையிற் கிடைத்த மின்சுற்று வரைபடம் ஒன்றைப் பொன்னெழுத்தும் பூவேலையுமாகப் படியெடுக்க அவன் பதினைந்து ஆண்டுகள் உழைக்கிறான். அது என்ன வரைபடம் என்பது அவனுக்கு இறுதிவரை தெரியாது.

அந்த நிலவறையைக் காட்டிக்கொடுத்தது நான் புரட்டிவிட்ட அந்த இரண்டு எழுத்துகளே. வழிப்போக்கர் ஒருவர், இளந்துறவியின் குடிலுக்கு ஏற்ற கல்லொன்றைத் தேர்ந்து, அதன்மேல் 'லாமெத்', 'த்சாதே' என்னும் எபிரேய எழுத்துகளை வரைந்து போகிறார். அக்கல்லைப் பெயர்த்தபோதுதான் வழி திறக்கிறது. அவனுக்கு எபிரேயம் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. பழைய எபிரேயத்தில் மெய்யெழுத்துகளையே எழுதுவர்; உயிரொலியைப் படிப்பவரே தந்துகொள்ள வேண்டும். தமிழில் பகரத்தையும் லகரத்தையும் மட்டும் எழுதிவிட்டால், பல் என்றும் பால் என்றும் புல் என்றும் படிக்கலாமல்லவா? அதுபோன்றது இது. உயிர்க்குறியாகிய புள்ளிகள் மிகப் பிற்காலத்தில் மசொரெத்தியர் என்னும் யூத அறிஞர்கள் இட்டவை. அந்த இரண்டு எழுத்துகளும் லீபோவிட்ஸ் என்னும் பெயரின் முதலும் ஈறும் ஆகலாம். இடையே ஏகாரம் இட்டுப் படித்தால், எள்ளி நகைப்பவன் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லும் ஆகலாம். துறவியர் அதைப் புனிதரின் அடையாளமாகக் கொள்கின்றனர். எழுதிய கிழவர் எதை நினைத்தாரோ? என்னைக் கேட்டால், இரண்டையும் சேர்த்தே நினைத்தார் என்பேன்.

நாவலின் மூன்று பகுதிகளுக்கும் இலத்தீனிலேயே பெயர். இரண்டாம் பகுதியின் பெயர் 'ஃபியாட் லக்ஸ்', அதாவது ஒளி உண்டாகுக என்பது. படைப்பின் தொடக்கத்தில் இறைவன் உரைத்ததாக ஆதியாகமம் கூறும் சொல் அது. ஆண்டு 3174. துறவியர் சிலர் மிதித்துச் சுழற்றும் மின்னாக்கியால் மடத்திலே முதல் மின்விளக்கு எரிகிறது. அதை ஏற்றுகையில் அவர்கள் ஆதியாகமத்தின் இலத்தீன் மொழிகளையே ஓதுகின்றனர். காத்துவைத்த ஏட்டின் பொருள் ஒருவழியாக விளங்கத் தொடங்கிவிட்டது!

ஆனால் 'லக்ஸ்' என்னும் சொல்லுக்கு உறவான சொல் இன்னொன்று உண்டு. ஏசாயாவின் நூலில், பாபிலோன் அரசனின் வீழ்ச்சியை எள்ளுமிடத்தில் 'ஹேலேல்' என்னும் எபிரேயச் சொல் வருகிறது. ஒளிவிடுவது என்பது பொருள். ஜெரோம் இதனை 'லூசிஃபர்' என்று ஆக்கினார். ஒளியைத் தாங்கிவருவது, அதாவது விடிவெள்ளி. புதிய ஏற்பாட்டில், உள்ளத்தில் உதிக்கும் விடிவெள்ளியைப் பேதுருவின் நிருபம் கூறுமிடத்திலும் இலத்தீனில் இதே சொல்தான் நிற்கிறது. எனினும் ஏசாயாவின் வரி வானினின்று வீழ்ந்த சாத்தானைக் குறிப்பதாகப் பிற்காலத்தார் கொள்ளவே, லூசிஃபர் அவன் பெயராகி நிலைத்தது. மில்லர் இதை நன்கு அறிந்திருந்தார். மூன்றாம் பகுதியில், ஆண்டு 3781இல், அணுகுண்டைக் குறிக்கும் மறைபெயராக வருவது லூசிஃபர் என்னும் சொல்லே. துறவியர் ஓதி ஏற்றிய விளக்கிலிருந்து இக்குண்டுவரை இடைவெளி ஏறத்தாழ 600 ஆண்டுகள். மொழியிலோ ஒரே வேர்.

இதை மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே நிகழும் வழக்காக மட்டும் படிப்பாரும் உளர். எனக்கு அது போதவில்லை. மில்லர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் வானொலி இயக்குபவராகவும் பீரங்கியாளராகவும் பணிபுரிந்தவர். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்னும் புனிதர் இத்தாலியில் நிறுவிய மான்டி கசீனோ மடத்தை, 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் நேசநாட்டு விமானங்கள் தகர்த்தபோது அவரும் அப்பணியில் இருந்தார். ஓலையும் தோலும் காத்த மடம் அது. அதன் சுவடிகள் முந்திய ஆண்டிலேயே உரோமாபுரிக்கு எடுத்துச் செல்லப்பட்டதால் தப்பின. அங்கே தஞ்சம் புகுந்திருந்த மக்களுட் பலர் தப்பவில்லை. 1947இல் மில்லர் கத்தோலிக்கரானார். ஏடு காக்கும் மடத்தைக் கதையின் நடுவே அவர் கட்டியது ஏன் என்று நான் விளக்க வேண்டுவதில்லை.

அவர் கணிக்காதது ஒன்றுண்டு. 3781இலும் இலத்தீன் வழிபாடு நிகழும் என்று அவர் எழுதினார். சில ஆண்டுகளிலேயே, 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வாட்டிகன் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்துவிட்டது. அவர் பாலைவனத்துக் கிழவர் ஒருவரிடம் ஒப்படைத்த எபிரேயமோ, இன்று இசுரேலில் குழந்தைகள் விளையாடும்போது பேசும் மொழி.

கதையின் முடிவில் மீண்டும் குண்டு விழுகிறது. மடத்தலைவர் தம் மடத்தின் இடிபாட்டுக்குள் சிக்கிக் கிடக்கிறார். அதே வேளையில், துறவியர் சிலர் அந்தப் பழைய ஏடுகளுடன் விண்கலத்தில் ஏறிப் புறப்படுகின்றனர். இம்முறை அவற்றின் பொருள் அவர்களுக்குத் தெரியும்.