பக்கத்துத் தாமானுக்கும் மோட்டாரில்தான்

ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில் சாலைக்கு முன்பே வாய்க்கால் வந்துவிட்டது. பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் அன்னாசி விளைவது, இலைதழை மக்கி உண்டான சதுப்பு மண்ணில். நீரை வடித்தால்தான் அங்கே பயிரும் வீடும். அதற்காக வெட்டிய வாய்க்கால்களைத்தான் 'பாரிட்' என்கிறார்கள். மாவட்டத்தின் பல கிராமங்களுக்குப் பெயரே அப்படித்தான் தொடங்கும். ஒவ்வொரு பாரிட்டை ஒட்டியும் ஒரு சாலை. அடுத்த பாரிட்டுக்குப் போக, பெரும்பாலும் பெரிய சாலைக்குத் திரும்பி வர வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் சீப்புப் பற்கள்.

இந்த நிலத்தின் மேல்தான் தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. ஒரு நிறுவனம் ஒரு தோட்டத் துண்டை வாங்குகிறது, ஸ்கூடாய்–பொந்தியான் சாலையைப் பார்த்து ஒரு வாசல் வைக்கிறது, உள்ளே முட்டுச்சந்துகளாகப் பிரித்து வீடு கட்டுகிறது. பக்கத்து நிலம் இன்னும் செம்பனையாக இருக்கும்போது அங்கே சாலை நீட்டுவானேன்? சில ஆண்டுகளில் அதுவும் தாமானாகிவிடும். இரண்டு தாமான்களின் பின்சுவர்களுக்கு நடுவே ஒரு கால்வாய் மட்டும். ஆனால் போய்வர நெடுஞ்சாலையைச் சுற்ற வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சந்தைக்குப் போகும் பாட்டியும் லாரிகளோடு அதே ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில்தான். பஸ்ஸுக்கும் இதே கதி: உள்ளே நுழைந்தால் அதே வாசலில் திரும்ப வேண்டும் என்பதால் வெளியிலேயே நின்றுவிடும்.

இது உலகப் போக்கு. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீயும் ஆடம் மில்லார்ட்-பாலும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, சந்திப்புகளில் எத்தனை சாலைகள் கூடுகின்றன, எத்தனை முட்டுச்சந்துகள், சுற்றுவழி எவ்வளவு என்று அளந்தது. 1975க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்தே வந்திருக்கிறது. தென்கிழக்காசியாவும் அதில் அடக்கம். அமெரிக்காவில் இந்தத் துண்டிப்பு 1990களின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு மெல்லச் சீரானது.

கட்டடத்தை இடிக்கலாம். தெரு அசையாது, இருமருங்கும் தனித்தனிப் பட்டா ஆகிவிடுகிறதே! மதுரையின் மாசி வீதிகளில் எத்தனை கட்டடங்கள் மாறியிருக்கும். வீதியின் சதுரம் அப்படியே இருக்கிறது. ஆகவே திருத்த வேண்டிய நேரம் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வரைபடம் ஒப்புதலுக்கு வரும்போதுதான்: சாலையை எல்லைக்கல் வரை கொண்டுபோய் விடச் சொல்ல வேண்டும். 2006இல் உருவான இஸ்கண்டார் மலேசியா வளர்ச்சி வட்டாரத்தின் எல்லை, 2019இல் பொந்தியான் பக்கமும் விரிந்திருப்பதால் இது அவசரம்.

முட்டுச்சந்தை மக்கள் விரும்புகிறார்கள் என்பதும் உண்மை; பிள்ளைகள் தெருவில் விளையாடலாம், வேற்று மோட்டார் வராது. அந்த நிம்மதியைக் கெடுக்காமல், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் வழி விடலாம். கால்வாய்க்குக் குறுக்கே ஒரு நடைபாலத்துக்குப் பெரிய செலவில்லை. அது வழியாகத் திருடன் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியில்தான் குடியிருப்பாளர் கூட்டங்களில் பேச்சு நின்றுபோகும்.