புழுக்கத்தில் பீரும் கள்ளும்

காற்றின் ஈரம்

கார் நிக்கோபாரில் வெப்பமானி காட்டும் எண் யாரையும் மிரட்டாது. ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தட்டையான தீவில், மார்ச், ஏப்ரல் மாதப் பகலிலும் வெப்பம் 32 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கோடையில் 40-ஐத் தாண்டும் வேலூரோடு பார்த்தால் இது குறைவுதான். ஆனால் வேலூரில் வியர்வை உலர்கிறது, இங்கே வழிகிறது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சொட்டி விழும் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகுமே தவிர, சூட்டை இறக்காது. தேங்காய் வெட்டிக் கொப்பரை உலர்த்துபவருக்குக் களைப்பு விரைவில் வருவது இதனால்தான்.

குளிர்ச்சி வேறு, தாகம் தீர்வது வேறு

இந்த நேரத்தில் சில்லென்ற பீர் இதமாகத்தான் இருக்கும். அந்த இதம் நாக்கிலும் தொண்டையிலும் முடிந்துவிடுகிறது. சிறுநீரகம் நீரை உடலுக்கே திருப்பச் செய்யும் வாசோபிரசின் என்னும் இயக்குநீரை மது அடக்குவதால் சிறுநீர் கூடுகிறது. வியர்த்து நீரிழந்தவர்களை வைத்து ஷிரெஃப்ஸ், மாகன் ஆகிய இருவர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், 2 விழுக்காடு மது கலந்த பானம் பெரிய வேறுபாடு காட்டவில்லை. 4 விழுக்காட்டில் உடல் மீள்வது தாமதமாயிற்று. இந்தியக் கடைகளில் விற்கும் ஸ்ட்ராங் பீரோ 8 விழுக்காடு வரை போகிறது. 650 மில்லி புட்டி ஒன்றில், 5 விழுக்காடானால் சுமார் 26 கிராம் மது. 8 ஆனால் 41 கிராம். புட்டி அதே புட்டி, சுமை ஒன்றரை மடங்குக்கு மேல்.

வெயிலில் ஏற்கெனவே விரிந்திருக்கும் தோல் இரத்தக் குழாய்களை மது இன்னும் விரிக்கிறது. இரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றதும் தலைசுற்றும்.

தென்னங்கள்

பீர் கப்பலில் வர வேண்டிய சரக்கு. கள் தீவிலேயே இறங்குவது. நிக்கோபாரியர் நெடுங்காலமாகத் தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்கிவருகின்றனர். கள்ளின் வீரியத்தைச் சொல்ல அதில் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்காது, நேரம்தான் அளவுகோல். கலயத்தில் சொட்டியவுடனே காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பாக இருந்தது மாலைக்குள் பீர் அளவுக்கு ஏறும், மறுநாள் காடியாகப் புளிக்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் புளிப்பு தடைபட்டு, மதுவற்ற பதநீராக நிற்கும். வெயிலுக்கு அதுவே நல்லது.

வாங்குவதும் ஊற்றுவதும்

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னபடி, பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை. குடிப்பதென்று முடிவு செய்தவர், வீரியம் குறைந்ததையும் சிறிய புட்டியையும் தேர்ந்தெடுப்பது மேல். வெளிச்சம் பட்டால் பீரில் கெட்ட வாடை ஏறும். பழுப்புப் புட்டியும் கேனும் அதைத் தடுக்கும். வெயிலில் கிடந்த பெட்டியில் சுவை சீக்கிரம் மங்கும் என்பதால் தயாரிப்பு நாளைப் பார்ப்பது நல்லது.

லேசான பீருக்கு 4 முதல் 7 டிகிரி போதும். பனிக்கட்டியும் நீரும் கலந்த வாளியில் வைத்தால் உறைபெட்டியை விட விரைவாகக் குளிரும். உறைபெட்டியில் மறந்த புட்டி வெடிக்கும். சாய்த்த கண்ணாடிக் குவளையில் மெல்ல ஊற்றினால் நுரை அடங்கும். முதலில் நீரும் உணவும், வெயில் தாழ்ந்த பிறகே பீர் என்ற வரிசை முக்கியம். இடையிடையே நீரும் வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, உப்பு குறைவு. மிகுதியாக வியர்த்தவருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே பொருத்தம்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகள், சிறுவர்கள், ஈரல் நோயாளிகள், நீரிழிவு அல்லது இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். குடித்துவிட்டுக் கடலில் இறங்குவதும் ஓடத்தில் ஏறுவதும் கூடாது.

குடித்தவர் உளறினாலோ தடுமாறினாலோ போதை என்று விட்டுவிடக் கூடாது. வெப்பத்தாக்கிலும் அப்படித்தான் நடக்கும். தோல் கொதித்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து, உடனே தீவிலுள்ள பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியிலும் குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.